அனுபவம் எத்தனை மணி?

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'ஆட்கள் தேவை' பக்கத்தை மேய்ந்த எவருக்கும் இந்த வரி மனப்பாடம்: 'குறைந்தது மூன்று வருட அனுபவம் அவசியம்.' வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால், அந்த முதல் வருஷத்தை எந்தக் கடையில் போய் வாங்குவது? பி.காம். முடித்த கையோடு நாம் எல்லோரும் கேட்ட கேள்விதான். பதில் சொன்னவர் யாரும் இல்லை.

இன்னொரு பக்கம், ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு 'சீனியர்' இருப்பார். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் என்று சொல்லிக்கொள்வார். கிட்டே போய்ப் பார்த்தால், முதல் வருஷம் கற்றுக்கொண்டதை மீதி இருபத்துநாலு வருஷமும் கார்பன் பேப்பர் வைத்து காப்பி எடுத்திருப்பார். போகட்டும். அவர் ஒரு வவுச்சரைத் தப்பாகப் போட்டால் ஆடிட்டர் வந்து சிவப்பு மையில் ஒரு கோடு கிழிப்பார். கதை முடிந்தது.

ஆடிட்டர் வந்து சேர்வதற்கு முன்பே கதை முடிந்துவிடுகிற உத்தியோகம் ஒன்று இருக்கிறது. பைலட் உத்தியோகம். அங்கே அனுபவத்தை வருஷத்தில் அளப்பதில்லை, மணியில் அளக்கிறார்கள். ஒவ்வொரு பைலட்டும் லாக் புக் என்று ஒன்று வைத்திருப்பார். இன்றைக்கு இத்தனை மணி பறந்தேன், பகலில் இத்தனை, ராத்திரியில் இத்தனை என்று நம்ம கேஷ் புக் மாதிரி வரவு எழுதிக்கொண்டே போவார்.

சரி, எத்தனை மணி வரவு இருந்தால் நாம் நம்பி ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு தூங்கலாம்? அமெரிக்காவில் இந்தக் கேள்வியை 2009-ல் ரொம்ப சத்தமாகக் கேட்டார்கள். கேட்க வைக்க ஐம்பது உயிர்கள் போகவேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் கொஞ்சம் காமர்ஸ்.

திருப்பூரில் ஏதோ ஒரு சந்தில், ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற சின்ன யூனிட்டைப் பார்த்திருப்பீர்கள். துணி அவர்களுடையது இல்லை, டிஸைன் அவர்களுடையது இல்லை, காலரில் தைக்கிற லேபிளும் அவர்களுடையது இல்லை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. வாங்கிப் போடுகிறவருக்கு லேபிள் மட்டும்தான் தெரியும்.

அமெரிக்க வானத்திலும் இதேதான். சின்ன ஊர்களுக்கு ஐம்பது, எழுபது சீட் விமானங்களை ஓட்டுவது 'ரீஜினல்' என்கிற ஜாப் ஒர்க் கம்பெனிகள். விமானத்தின் மேல் பெயின்ட் பெரிய கம்பெனியுடையது. டிக்கெட் விற்பதும் அவர்கள்தான். ஓட்டுகிற பைலட்டுக்கு மட்டும் சம்பளம் வேறு கம்பெனியில். அந்தச் சமயத்தில் உள்நாட்டில் கிளம்பிய விமானங்களில் ஏறக்குறைய பாதியை இவர்கள்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய கம்பெனி 'ஒரு டிரிப்புக்கு இவ்வளவு' என்று பேசி முடித்துவிடும். பெட்ரோல் செலவை, பெரும்பாலும், பெரிய கம்பெனியே பார்த்துக்கொள்ளும். அப்புறம் சின்னக் கம்பெனி லாபம் பார்க்க எதைக் குறைக்க முடியும்? காஸ்ட் அக்கவுன்ட்டிங் பேப்பரில் இரண்டு அரியர்ஸ் வைத்தவர்கூடச் சொல்லிவிடுவார்: சம்பளம், டிரெயினிங், ஆள்!

2004 முதல் 2009 வரை இந்த ரீஜினல் கம்பெனிகளில் நடந்த மூன்று விபத்துகளை வரிசையாகப் பார்க்கலாம். மூன்றும் மூன்று பாடம்.

முதலாவது, 2004 அக்டோபர் 14. பின்னக்கிள் என்ற கம்பெனியின் ஐம்பது சீட் ஜெட். பயணிகள் யாரும் இல்லை. காலி விமானத்தை ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்தவேண்டிய வேலை, அவ்வளவுதான். உள்ளே இரண்டு பைலட்டுகள் மட்டும். யாரும் பார்க்கவில்லையே! அந்த விமானம் அதிகபட்சம் போகக்கூடிய உயரம் 41,000 அடி. அங்கே தொட்டுவிட்டு வந்தவர்களுக்கு பைலட்டுகளுக்குள் ஒரு 'கிளப்' பேரே இருந்ததாம். நாமும் மெம்பர் ஆகிவிடலாம் என்று கிடுகிடுவென்று ஏற்றினார்கள். ஆபீஸ் ஜீப்பை டிரைவர் டிப்போவுக்கு எடுத்துப் போகும்போது பைபாஸில் 'எவ்வளவு போகுது பார்க்கலாம்' என்று மிதிப்பாரே, அது மாதிரி.

மேலே காற்று மெல்லிசு. வேகம் குறைந்து விமானம் தள்ளாடியது, இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. அப்போதாவது 'இரண்டும் போச்சு' என்று உடனே தரைக்குச் சொல்லியிருந்தால், இறங்குவதற்கு எட்டுகிற தூரத்தில் விமான நிலையங்கள் இருந்தன. சொல்லவில்லை. மறுபடி ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இன்ஜின் இறுகிப்போய் சுற்றவில்லை. மிசௌரி மாநிலத்தில் ஜெஃபர்ஸன் சிட்டிக்குப் பக்கத்தில் விழுந்து இரண்டு பேரும் இறந்தார்கள். விசாரணை அறிக்கை காரணங்களில் முதலாவதாகச் சொன்னது இன்ஜின் கோளாறை அல்ல. 'தொழில்முறைக்கு ஒவ்வாத நடத்தை' என்பதை.

இரண்டாவது, 2006 ஆகஸ்ட் 27. கென்டக்கி மாநிலம், லெக்ஸிங்டன். விடியாத இருட்டு. காம்ஏர் என்ற ரீஜினல் கம்பெனியின் ஜெட் ஐம்பது பேரோடு கிளம்புகிறது. போகவேண்டிய ஓடுபாதையின் நீளம் 7,003 அடி. போய் நின்றதோ பக்கத்திலிருந்த 3,500 அடி ஓடுபாதையில். சின்ன விமானங்களுக்கானது, விளக்குகூட எரியவில்லை. 'என்னது, லைட்டே இல்லை' என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்ததே தவிர, யாரும் நிறுத்தவில்லை. கன்ட்ரோல் டவரில் இருந்தது ஒரே ஒரு ஆள். அவரும் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார். பாதை முடிந்துவிட்டது. 49 பேர் இறந்தார்கள். துணை பைலட் ஒருவர்தான் பிழைத்தார்.

ஓடுபாதைக்கு விமானத்தை உருட்டிக்கொண்டு போகும்போது இரண்டு பேரும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு பேசிக்கொண்டிருந்தார்கள். தரையில் உருளும்போதும் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும் வேலை சம்பந்தப்படாத ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று அமெரிக்காவில் 1981-லேயே விதி இருக்கிறது. நம்ம ஊர் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்குமே, அதேதான். ஆனால் ஓட்டுநர்கள் இரண்டு பேராக இருந்தால் ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதை எந்த போர்டு தடுக்கும்?

மூன்றாவதுதான் அந்த ஐம்பது உயிர். 2009 பிப்ரவரி 12 ராத்திரி. நியூவர்க்கிலிருந்து பஃபலோ போகிற விமானம். மேலே 'கான்டினென்டல் கனெக்ஷன்' என்று பேர். ஓட்டியது கோல்கன் ஏர் என்கிற ரீஜினல் கம்பெனி.

துணை பைலட்டுக்கு வயசு 24. வருஷச் சம்பளம் சுமார் 16,000 டாலர். உடனே கால்குலேட்டரை எடுத்து ரூபாயில் பெருக்காதீர்கள். அந்த ஊர் விலைவாசிக்கு, நியூவர்க் பக்கத்தில் அந்தச் சம்பளத்தில் குடியிருக்க முடியாது. அதனால் நாட்டின் இன்னொரு கோடியில், சியாட்டில் பக்கத்தில் வீடு. சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கிருந்து முதல் நாள் ராத்திரி கிளம்பி, சரக்கு விமானங்களில் ஓசி சீட் பிடித்து, மெம்ஃபிஸில் மாறி, காலை ஆறரை மணி சுமாருக்கு வந்து சேர்ந்தார். ஜலதோஷம் வேறு. லீவு சொல்லலாம்தான். ஆனால் உடம்பு தேறும் வரை ஹோட்டலில் ரூம் போட்டுத் தங்கவேண்டும். அந்தச் சம்பளத்தில் ரூம் வாடகை? விமானத்தின் குரல் பதிவில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

கேப்டனுக்கு ஃப்ளோரிடாவில் வீடு. அன்று விடியற்காலை 3 மணிக்கு நியூவர்க் விமான நிலையத்தில் ஊழியர் அறையிலிருந்து கம்பெனி கம்ப்யூட்டரில் நுழைந்திருக்கிறார். ஒழுங்கான படுக்கையில் தூங்கின மாதிரி தெரியவில்லை. தவிர, பழைய சோதனைகளில் சில தடவை ஃபெயில். வேலைக்கு விண்ணப்பித்தபோது அதையெல்லாம் முழுசாகச் சொல்லவில்லை. கம்பெனியும் தோண்டிப் பார்க்கவில்லை.

விமானம் கிளம்பியதே இரண்டு மணி நேரம் லேட். பஃபலோ நெருங்குகிறது. ஐஸ் படிவதைப் பற்றியும் ஐஸில் தங்களுக்கு எவ்வளவு குறைவான அனுபவம் என்பதைப் பற்றியும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில், வேகம் இறங்கிக்கொண்டே வருவதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. முள் ஏறக்குறைய மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொட்டபோது கேப்டன் கையிலிருந்த ஸ்டியரிங் கடகடவென்று ஆடியது.

கோளாறு இல்லை, அது எச்சரிக்கை. 'வேகம் போதவில்லை, மூக்கைத் தாழ்த்து, பவர் கொடு' என்று விமானமே கையைப் பிடித்து உலுக்கிச் சொல்கிற ஏற்பாடு. இறக்கை மேல் காற்று ஒட்டி ஓடினால்தான் விமானம் நிற்கும். மெதுவாகப் போகும்போது மூக்கைத் தூக்கினால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே எச்சரிக்கை வந்ததும் முன்னால் தள்ளவேண்டும். கேப்டன் பின்னால் இழுத்தார். விமானம் தானாகவே மூன்று தடவை முன்னால் தள்ளிக் கொடுத்தது. மூன்று தடவையும் அவர் எதிர்த்து இழுத்தார். துணை பைலட் கேட்காமலேயே இறக்கை மடிப்புகளை உள்ளே இழுத்தார். அதுவும் தப்பு. எச்சரிக்கை வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் அரை நிமிஷம்கூட இல்லை. விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 49 பேர், வீட்டில் இருந்த ஒருவர்.

ஐஸ்தான் காரணம் என்று முதலில் எல்லோரும் பேசினார்கள். விசாரணையில் இல்லை என்று ஆகிவிட்டது. எச்சரிக்கை வந்த அந்த நொடியில் விமானம் இன்னும் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. சரியாகச் செய்திருந்தால் எல்லோரும் இறங்கி வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இனிமேல்தான் கணக்கு இடிக்கிறது.

இறந்தவர்களின் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். 2010 ஆகஸ்ட் 1-ம் தேதி அதிபர் ஒபாமா கையெழுத்துப் போட்டு சட்டம் வந்தது. அதன்படி 2013 முதல், விமானக் கம்பெனியில் துணை பைலட்டாக உட்காரவே 1,500 மணி பறந்திருக்கவேண்டும். அதற்கு முன்னால் 250 மணி இருந்தால் போதும். ராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானப் படிப்பில் டிகிரி வாங்கியவர்களுக்கு 1,000 என்று சலுகை உண்டு.

நல்லதுதானே என்கிறீர்களா? பஃபலோ விமானத்தின் கேப்டனுடைய லாக் புக்கைப் பாருங்கள்: 3,379 மணி. துணை பைலட்: 2,244 மணி. புதுச் சட்டப்படி இரண்டு பேருமே தாராளமாகப் பாஸ்!

இன்னொரு லாக் புக்கும் பார்க்கலாம். பஃபலோவுக்குச் சரியாக 28 நாள் முன்னால், 2009 ஜனவரி 15-ல், இரண்டு இன்ஜினிலும் பறவைகள் புகுந்து, நியூயார்க்கின் ஹட்ஸன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார் கேப்டன் ஸல்லன்பெர்கர். அவருக்கு ஏறக்குறைய 20,000 மணி. 'பார்த்தீர்களா, மணிதான் முக்கியம்' என்று அவசரப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை பைலட்டுக்கும் மொத்த அனுபவம் 15,000 மணிக்கு மேல்தான். ஆனால் அந்த ரக விமானத்தில் அவர் பறந்தது 40 மணிகூட ஆகவில்லை. அப்போதுதான் டிரெயினிங் முடித்து வந்திருந்தார். செக் லிஸ்ட் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டிரெயினிங் ஈரம் காயவில்லை.

நாடே தூக்கி வைத்துக் கொண்டாடிய அந்த ஸல்லன்பெர்கர், பிப்ரவரி 24-ம் தேதி அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா? வீரப் பிரதாபம் எதுவும் இல்லை. 'என் சம்பளம் 40 சதவிகிதம் வெட்டப்பட்டிருக்கிறது, பென்ஷன் போய்விட்டது, இப்படியே போனால் கெட்டிக்காரர்கள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள்' என்கிற அர்த்தத்தில் பேசினார். ஹீரோவுக்கும் அதே பே ஸ்லிப் கவலை!

ஆகவே, மணி முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் மணி என்பது எண்ணுவதற்குச் சுலபமாக இருப்பதால் எண்ணுகிறோம், அவ்வளவே. அமெரிக்காவில் பைலட் ஆக ஆசைப்படுகிற இளைஞர்கள் 1,500 மணியை எப்படிச் சேர்க்கிறார்கள்? சின்ன விமானத்தில் புதுசாகக் கற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, கடற்கரை ஓரமாக விளம்பரத் துணியை வாலில் கட்டி இழுத்து, எண்ணெய்க் குழாய் லைனை மேலிருந்து மேற்பார்வை பார்த்து. தெளிவான வானத்தில் ஒரே வட்டத்தை ஆயிரம் தடவை சுற்றினாலும் ஆயிரம் மணி. பனியில், ராத்திரியில், புது ஊரில் இறங்கினாலும் அதே மணி. நம்ம கார்பன் பேப்பர் சீனியர் ஞாபகம் வருகிறாரா?

உண்மையில் அன்று ராத்திரி இல்லாமல் போனவை வேறு. ஒன்று, தூக்கம். இரண்டு, சரியான பழக்கம். விமானமே மூக்கைத் தாழ்த்தித் தள்ளும் அந்த ஏற்பாட்டை அந்தக் கேப்டனுக்கு அந்த விமானத்தின் சிமுலேட்டரில் ஒரு தடவைகூடச் செய்து காட்டியிருக்கவில்லை. 'உயரத்தை இழக்காதே' என்பதற்குத்தான் அப்போதைய டிரெயினிங்கில் முக்கியத்துவம். கை அதைத்தான் செய்தது. மூன்று, ஒளிக்காத ரெக்கார்டு. இந்த மூன்றும் லாக் புக்கில் எந்தக் காலத்திலும் வராது. ஆனால் மூன்றுமே கம்பெனியின் செலவுக் கணக்கில் வரும். அதனால்தான் அதில் கை வைக்க எல்லோருக்கும் தயக்கம்.

அந்தக் குடும்பங்கள் இதையும் விடவில்லை என்பதுதான் ஆறுதல். 2014 ஜனவரியிலிருந்து பைலட்டுகளுக்கு டியூட்டிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு கட்டாயமானது. விமானம் நிஜமாகவே வேகம் இழந்து தொங்குகிற நிலையை சிமுலேட்டரில் முழுசாகப் பழக வைக்கும் டிரெயினிங் 2019-ல் கட்டாயமானது. பைலட்டின் பழைய பாஸ், ஃபெயில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற பதிவேட்டுக்கு விதி 2021-ல் வந்தது. சட்டத்துக்கும் பதிவேட்டுக்கும் நடுவில் பதினோரு வருஷம். ஃபைல் நகர்கிற வேகம் உலகம் பூரா ஒன்றுதான் போல!

பலன்? பஃபலோவுக்குப் பிறகு ஏறக்குறைய பதினாறு வருஷம் அமெரிக்க விமானக் கம்பெனிகளில் அப்படி ஒரு பெரிய விபத்து நடக்கவில்லை. 2025 ஜனவரி 29-ல் வாஷிங்டனில் ஒரு ரீஜினல் ஜெட்டும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அங்கே எழுந்த கேள்வி வேறு: இறங்குகிற பாதைக்கு அத்தனை பக்கத்தில் ஹெலிகாப்டருக்கு வழி விட்டது யார் என்பது.

1,500 மணி விதியால் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காத சரக்குக்கு விலை ஏறும் என்பது பிளஸ் டூ எகனாமிக்ஸ். 2022-ல் சில ரீஜினல் கம்பெனிகள் புதுத் துணை பைலட்டுக்கே மணிக்கு 90 டாலர் தருவதாக அறிவித்தன. அதே வருஷம் ரிபப்ளிக் என்ற கம்பெனி, 'எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு 750 மணி போதும் என்று விட்டுவிடுங்களேன்' என்று அரசாங்கத்திடம் கேட்டது. முடியாது என்று பதில் வந்தது.

'இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் இருங்கள். நம்ம நாட்டில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி. அது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. குறைந்த மணியில் துணை பைலட்டை உட்காரவைக்கும் நாடுகள் ஐரோப்பாவிலும் உண்டு. அங்கே டிரெயினிங்கை நம்புகிறார்கள். அப்படியென்றால் டிரெயினிங்கும் ஓய்வும் கறாராக இருக்கவேண்டும், இல்லையா?

2025-ல் நம்ம விமானத் துறை அதிகாரிகள் பைலட்டுகளின் வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கினார்கள். நவம்பரிலிருந்து ராத்திரி லேண்டிங்குகளுக்கும் கட்டுப்பாடு. டிசம்பர் முதல் வாரத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். புது விதிக்குத் தகுந்தபடி ஆள் தயாராக வைத்துக்கொள்ளாததால் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. ஏர்போர்ட் முழுக்கப் பெட்டியும் கோபமும். கடைசியில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது எது தெரியுமா? ராத்திரி விதி!

தவித்தவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு. கல்யாணம், பரீட்சை, ஆஸ்பத்திரி என்று ஆயிரம் அவசரம். ஆனால் அந்தக் கோபம் ஆள் போடாத கம்பெனி மேல் போகாமல், தூங்கப் போன பைலட் மேல் போனால் அது தப்பான அக்கவுன்ட்டில் எழுதின பற்று.

புரொஃபஷனல் என்றால் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் நாலு பட்டை, மைக்கில் கரகரப்பான இங்கிலீஷ் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதெல்லாம் யூனிஃபார்ம். காலி விமானத்தில், யாருமே பார்க்காதபோது ஓட்டுகிற விதம்தான் புரொஃபஷன். வாய் வரைக்கும் வந்த ஊர் வம்பை ஓடுபாதையில் முழுங்குவது புரொஃபஷன். எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, 'எனக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்கு என்னால் ஓட்ட முடியாது' என்று சொல்வது. அதை பைலட் ஒருவர் மட்டும் தனியாகச் செய்துவிட முடியாது. சொன்னால் சம்பளம் போகாது, ரூம் வாடகை தலையில் விழாது, மேனேஜர் முறைக்கமாட்டார் என்கிற ஏற்பாடும் கூடவே வேண்டும். பஃபலோ விமானத்தின் அந்த 24 வயசுப் பெண்ணுக்கு அந்த ஏற்பாடு இல்லை.

எப்போதாவது ராத்திரி பதினோரு மணிக்கு கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது, 'பைலட்டின் டியூட்டி நேரம் முடிந்துவிட்டது, வேறு பைலட் வரும் வரை காத்திருக்கவும்' என்று மைக்கில் சொல்வார்கள். பக்கத்து சீட்காரர் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு கவுன்டரைப் பார்த்துப் போவார். 'வாங்க சார், நாமும் ரெண்டு சத்தம் போடுவோம்' என்று உங்களையும் கூப்பிடுவார்.

போகாதீர்கள். ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்காருங்கள். ஏர்போர்ட் காபி விலையைப் பார்த்து வருகிற கோபமே போதுமானது.